மூன்றாம் மாடியில் கச்சான்

எங்கள் நாய் கச்சான் எங்களிடம் வந்தபோது ஏழு வாரம் இருக்கும் என்று மிருக வைத்தியர் பல்லைப் பார்த்துச் சொன்னார். கொழும்பு வெள்ளவத்தை மெரின் டிரைவில், பின்னேரங்களில் கச்சான் (நிலக்கடலை) விற்கிறவருடைய வண்டிக்குக் கீழே சுருண்டு கிடந்தவன். மகனுக்கு அப்போது எட்டு வயது. அவனை விட்டு வர மாட்டேன் என்று வீதியிலேயே நின்றுவிட்டான். குட்டியின் நிறமும் வறுத்த கச்சான் நிறம்தான், அதனால் பெயருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா கதவடியில் மறித்தார். "நாயை ஆரும் வீட்டுக்குள்ள விடுவினமோ? அது முத்தத்தில கிடக்கிற சீவன்."

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் நாய் இல்லாத காலமே இருந்ததில்லை. ஆனால் ஒரு நாயும் வாசற்படி தாண்டியதில்லை. யாரும் எதையும் பழக்கவும் இல்லை. மூத்திரம் போக வேலிக்கரை இருந்தது. பிள்ளைகளின் தொல்லை தாங்காவிட்டால் மாமரத்தடிக்குப் போய்ப் படுத்துவிடும். தனிமை என்பதே கிடையாது, ஒழுங்கையில் யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள். இங்கே மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஒரு சின்ன பல்கனி. முற்றம் தன்பாட்டில் பார்த்துக்கொண்ட வேலை எல்லாவற்றையும் இங்கே நாங்கள்தான் பார்க்க வேண்டும் என்பது விளங்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. விலகிப் போக இடமில்லாத நாய், தனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்பதை உடம்பால்தான் சொல்லும். அதைப் பார்க்கப் பழகிய பிறகுதான் மற்றதெல்லாம் ஒழுங்குக்கு வந்தது.

வந்த மூன்றாம் நாள் மகனுடைய விரலில் பல் பட்டு இரத்தம் வந்தது. விளையாட்டுக் கடிதான். அம்மா மஞ்சள் தூள் எடுக்கக் குசினிக்கு ஓடினார். அவரை நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டு, சவர்க்காரம் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினோம். தெருவில் எடுத்த குட்டி, தாய் எங்கே என்று தெரியாது, ஒரு ஊசியும் போட்டதில்லை. இப்படிப்பட்ட குட்டியின் பல் பட்டால் 'சின்னக் கீறல்தானே' என்று விட்டுவிடக் கூடாது. விசர்நாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதற்கு முன் ஊசி போட்டால் தப்பலாம். அரச வைத்தியசாலையில் அந்த ஊசிக்குக் காசு வாங்குவதில்லை. அங்கே காயத்தைப் பார்த்து, குட்டி எங்கிருந்து வந்தது என்று விசாரித்து, ஊசி வேண்டும் என்று வைத்தியர் முடிவெடுத்தார். அதை நாங்களே வீட்டில் இருந்து முடிவெடுக்க முயலாதது நல்லதாகப் போயிற்று.

அதே வாரம் கச்சானுக்குப் பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் கிடைத்தன. பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய தொற்று நோய்களுக்கான ஊசியை மூன்று நான்கு வார இடைவெளியில், நாலு மாதம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போட்டார்கள். மூன்றாம் மாதத்தில் விசர்நாய் நோய்க்கான ஊசி, அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று. ஊசி அட்டையை நான் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வைத்திருக்கிறேன். நாயை வருடந்தோறும் பதிய வேண்டும் என்று இங்கே 1901ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

ஊசி முடியும்வரை வீதியில் இறக்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னபோது வீட்டுக்குள் பூட்டி வைக்கச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவரே திருத்தினார். குட்டிக்கு மூன்று மாதம் ஆவதற்குள் காணாததும் கேளாததும் பிறகு பயமாக மாறிவிடும், தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்றார். தினமும் பின்னேரம் மகனும் நானும் அவனைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனோம். காலி வீதி பஸ் ஹோன், ஆட்டோ, குடை, ஹெல்மெட் போட்ட ஆட்கள், மீன்கடை, எல்லாம் கைக்குள் இருந்தபடியே பார்த்தான். ரயிலுக்குத்தான் நடுங்கினான். அதனால் பாதையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றோம். ரயில் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அவித்த கோழியில் ஒரு துண்டு, ரயில் போய் முடியும்வரை சின்னச் சின்னத் துண்டு, பிறகு இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து அடி கிட்டப் போனோம். மூன்றாம் வாரம் ரயில் சத்தம் கேட்டால் என் கையைத் திரும்பிப் பார்த்தான்.

மூத்திரப் பழக்கத்தில் நாங்கள் விட்ட பிழை பெரியது. நிலத்தில் போயிருந்தால் என் கணவர் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டி அதட்டுவார். நாலு நாளில் பலன் தெரிந்தது: கதிரைக்குப் பின்னால், அலுமாரிக்குப் பின்னால், எங்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போகத் தொடங்கினான். அதட்டும்போது அவன் முகத்தைத் திருப்பி நாக்கால் மூக்கை நக்குவான். 'குற்றம் செய்தது தெரியும், பார்' என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அது குற்ற உணர்ச்சி என்பது எங்கள் கற்பனை. பயந்த நாய், 'என்னை விட்டுவிடு' என்று கேட்கிற விதம் அது. பத்து நிமிடத்துக்கு முன் போன மூத்திரத்தையும் இப்போது கேட்கும் அதட்டலையும் குட்டியால் சேர்த்துப் பார்க்க முடியாது. ஆட்களின் முன்னால் மூத்திரம் போனால் ஆபத்து என்பதை மட்டும் அவன் நன்றாகப் படித்துக்கொண்டான்.

திருத்திய விதம் சாதாரணமானது. நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும் பல்கனியில் விரித்த பேப்பருக்குத் தூக்கிக்கொண்டு போவோம். போனால் அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே ஒரு துண்டு இறைச்சி. வீட்டுக்குள் திரும்பி வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்ததாகிவிடும். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அடக்க முடியாது என்பதால் இரவிலும் ஒருதடவை எழும்பினோம். தவறிப் போன இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் அவனுக்கு அது மூத்திர வாசனை போலவே இருக்கும் என்பதால் தண்ணீரில் வினாகிரி கலந்து துடைத்தோம். நாலு மாதத்தில் கீழே கொண்டு போகத் தொடங்கினபோது அவன் முற்றத்துப் புல்லில் நின்று முழிசினான், பேப்பரில் போய்ப் பழகியவன் அல்லவா. மேலே நனைந்த பேப்பரில் ஒரு துண்டைக் கொண்டுபோய் மதில் ஓரம் வைத்தேன். மணந்து பார்த்தான், உடனே போனான். பிறகு பேப்பர் தேவைப்படவில்லை.

மகனுக்கு அவனைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க ஆசை. அந்தப் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது. எல்லாவற்றிலும் மகன் சிரிக்கிறான், கச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறான். சிலவற்றில் கொட்டாவி விடுகிறான். நித்திரை வராத நேரத்துக் கொட்டாவி, சாப்பாடு இல்லாத நேரத்தில் உதட்டை நக்குவது, உடம்பு நனையாமலே ஒருதரம் உதறிக்கொள்வது, இவையெல்லாம் நாய் தன் மனப் பாரத்தை இறக்குகிற விதங்கள். அடுத்த படி உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது. அதற்கடுத்தது உறுமல். உறுமினால் அடிக்க வேண்டாம். உறுமாமல் இருக்கப் பழகிய நாய்தான் ஒரு நாள் சொல்லாமல் கடிக்கும். நாங்கள் வீட்டில் ஒரு சட்டம் வைத்தோம்: கச்சான் தன் பாயில் படுத்திருந்தால் ஒருவரும் தொடுவதில்லை. அந்தப் பாய்தான் அவனுடைய மாமரத்தடி. கையைக் கடித்து விளையாடும் பழக்கமும் மகன் கத்தி ஓடுவதை நிறுத்தி, அசையாமல் நிற்கப் பழகியதும் இரண்டு வாரத்தில் குறைந்துவிட்டது.

அம்மா ஊருக்குப் போன மாதம்தான் பெரிய பிரச்சினை. அப்போது கச்சானுக்கு எட்டு மாதம். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்கு, மகன் பள்ளிக்கூடம், அவன் முதல் தடவையாகத் தனியே. நாலாம் நாள் கீழ்வீட்டு அக்கா படியில் மறித்தார். "தங்கச்சி, கோவிக்காதேங்கோ. நீங்கள் போன கையோட துவங்கிறான், மத்தியானம் வரைக்கும் ஊளைதான். இவருக்கு இரவு வேலை, பகலிலதான் நித்திரை."

நாள் முழுக்கக் குரைக்கிறானா, சத்தம் கேட்டுக் குரைக்கிறானா என்று தெரியாமல் என்ன செய்வது? பழைய போனை அலுமாரி மேல் வைத்துப் படம் பிடித்தேன். அன்று இரவு அதைப் பார்த்தபோது நான் அழுதேன். கதவு பூட்டி, லிஃப்ட் மணி அடித்துக் கதவு மூடும் சத்தம் வரும்வரை அவன் காதைக் கூராக்கிக்கொண்டு நிற்கிறான். பிறகு கதவைச் சுரண்டுகிறான். மூச்சு வாங்குகிறான், வாயிலிருந்து நீர் வடிகிறது. நான் ஆசையாக வைத்துவிட்டுப் போன மீன்துண்டு தொடாமல் கிடக்கிறது. சாப்பாட்டுக்கு உயிரை விடுகிற நாய் பிடித்த சாப்பாட்டைத் தொடாவிட்டால் அது குழப்படியோ பிடிவாதமோ அல்ல, பயம். பயத்துக்கு அடியும் அதட்டலும் மருந்தில்லை.

இன்னொன்றும் கண்டேன். நான் கைப்பையை எடுத்த நிமிடமே அவனுடைய மூச்சு வேகமாகிவிடுகிறது. அதனால் அங்கிருந்து தொடங்கினேன். பின்னேரம் வீட்டில் இருக்கும்போது திறப்பைக் கையில் எடுப்பேன், கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பேன். கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு சமைப்பேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. ஐந்தாறு நாளில் திறப்புச் சத்தத்துக்கு அவன் தலையைத் தூக்குவதையே விட்டுவிட்டான். பிறகு கதவு. வெளியே போய் மூடி, பத்து வினாடியில் உள்ளே வருவேன். கொண்டாட்டம் இல்லாமல், சாதாரணமாக. பிறகு இருபது வினாடி, பிறகு பத்து, பிறகு ஒரு நிமிடம். கூட்டிக்கொண்டே போனால் அவனுக்கு அது விளங்கிவிடும், இடைக்கிடை குறைக்க வேண்டும். லிஃப்ட் மணிக்கு மட்டும் தனியாக ஒரு வாரம்: பொத்தானை அழுத்தி, மணி அடிக்க விட்டு, ஏறாமல் திரும்பி வந்தேன். அவன் முனகினால் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று அர்த்தம், அடுத்த முறை பாதி நேரத்துக்குத் திரும்புவேன்.

இந்த முறையில் ஒரு கஷ்டம் இருக்கிறது. பழக்குகிற நாட்களில் அவனால் தாங்கக்கூடிய நேரத்துக்கு மேல் ஒரு நாள்கூடத் தனியே விடக் கூடாது. விட்டால் கட்டியதெல்லாம் இடிந்துவிடும். எனக்கு ஒரு வாரம்தான் லீவு கிடைத்தது. போனில் இதைச் சொன்னதும் அம்மா, "அந்த வாயில்லாச் சீவனைப் பூட்டிப்போட்டே போனனியள்?" என்று கேட்டார். அடுத்த நாள் காலை வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கினார், கையில் ஒரு பனங்கட்டிக் குட்டான், மற்றக் கையில் பை. ஊரில் இன்னும் இரண்டு வாரம் நிற்க இருந்தவர்.

ஆறு கிழமை எடுத்தது. முதல் அரை மணித்தியாலம்தான் மலை. அதைத் தாண்டிய பிறகு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் என்று விரைவாகவே வந்தது. போவதற்கு முன் காலையில் நன்றாக மணந்து நடக்க விடுவதும், பழைய துவாயில் கருவாட்டுத் துகளைத் தூவிச் சுருட்டிக் கொடுப்பதும் உதவின. அதைப் பிரித்துத் தேடி முடிக்க இருபது நிமிடம், பிறகு நித்திரை. கருவாட்டை மட்டும் முதலில் ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள். கீழ்வீட்டு அக்காவுக்கு ஒவ்வொரு கிழமையும் போய் என்ன நடக்கிறது என்று சொன்னேன். சொன்னதால்தான் அவர் பொறுத்தார் என்று நினைக்கிறேன்.

சொற்கள் விஷயம் கொழும்பு வீடுகளுக்கே உரியது. அம்மா "இரு" என்பார், மகன் "சிட்" என்பான், கீழே வாசலில் நிற்கும் பாதுகாவலர் சிங்களத்தில் "வாடிவென்ன" என்பார். கச்சான் ஒவ்வொருவருடைய கையையும் பார்த்துச் சமாளித்தானே தவிர ஒரு சொல்லும் படிக்கவில்லை. ஐந்து சொல்லைத் தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம்: இரு, வா, நில், விடு, பாய்க்குப் போ. பாதுகாவலருக்கும் சொல்லிக் கொடுத்தோம், அவர் "இரு" என்பதை எங்களைவிட அழகாகச் சொல்கிறார். இதில் "வா" என்பதை ஒருபோதும் பிடிக்காத வேலைக்குப் பாவிக்க வேண்டாம். குளிக்க வார்க்கவும் நகம் வெட்டவும் நாங்கள் போய்த்தான் கூட்டி வருவோம். "வா" என்றால் நல்லதுதான் நடக்கும் என்று அவன் நம்ப வேண்டும், வீதியில் சங்கிலி நழுவினால் அந்த ஒரு சொல்தான் அவனைக் காப்பாற்றும்.

நடைக்கு விடிய ஐந்தரைக்குப் போவோம். வெயில் ஏறினால் புறங்கையைத் தாரில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அவனாலும் முடியாது. கழுத்தை இறுக்கும் சங்கிலியை விட்டு நெஞ்சில் போடும் பட்டிக்கு மாறியதும் இழுப்பு குறைந்தது. இழுத்தால் நான் நின்றுவிடுவேன், சங்கிலி தளர்ந்தால் நடப்பேன். அவ்வளவுதான். தெருநாய்கள் வந்தால் நேரே அவற்றை நோக்கிப் போகாமல் வளைந்து போவோம். அவையும் பெரும்பாலும் வளைந்து போகவே விரும்புகின்றன. 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. எனவே ஊசியும் கருத்தடையும்தான் வழி. கச்சானுக்கும் செய்துவிட்டோம்.

இனி உண்ணி. இரண்டாம் வருடம், மே மாதத்து முதல் மழை முடிந்த கிழமை. காலையில் சங்கிலியை எடுத்தேன், பாயிலிருந்து வாலை மட்டும் ஒருதரம் ஆட்டினான். எழும்பவில்லை. உதட்டைத் தூக்கிப் பல்முரசைப் பார்த்தேன். வழக்கமாக நல்ல இளஞ்சிவப்பாக இருக்கும். அன்று வெளுத்த சீலை போல இருந்தது. விரலால் அமர்த்தி விட்டால் நிறம் திரும்பி வருவதும் தெரியவில்லை. நாய்க்குச் சாதாரண வெப்பம் 38 முதல் 39 பாகை, வைத்தியர் அளந்தபோது அவனுக்கு 40ஐத் தாண்டியிருந்தது. இரத்தம் சோதித்து உண்ணிக் காய்ச்சல் என்றார். நாலு கிழமை டொக்சிசைக்கிளின். வெறும் வயிற்றில் கொடுத்தால் சத்தி எடுப்பான் என்பதால் சாப்பாட்டோடு கொடுத்து, பின்னால் தண்ணீர் குடிக்க வைத்தோம். அவித்த பூசணிக்காய் உருண்டைக்குள் குளிசையை ஒளித்தால் தெரியாமல் விழுங்கிவிடுவான். முதல் உருண்டை வெறும் பூசணி, இரண்டாவதில் குளிசை, மூன்றாவது திரும்ப வெறும் உருண்டை.

அதுவரை நான் முதுகைத் தடவிப் பார்த்து உண்ணி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒளியும் இடங்கள் வேறு: காது மடிப்புக்குள், விரல் இடுக்கு, கக்கம், கழுத்துப் பட்டிக்குக் கீழ், வால் அடி. இப்போது ஒவ்வொரு இரவும் செய்தி கேட்டபடி அம்மா அந்த ஐந்து இடத்தையும் பார்ப்பார். கண்டால் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் உள்ள போத்தலில் போடுவார். விரலால் நசுக்குவதில்லை. மண்ணெண்ணெய் பூசச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், பூச வேண்டாம். தோல் வெந்துவிடும், நக்கினால் உள்ளுக்கும் போகும். நாய் உண்ணி வீட்டுச் சுவர் வெடிப்புகளிலும் கதவு நிலை இடுக்கிலும் இருந்து முட்டையிடும், மாடி வீடென்று விடாது. அதனால் மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் உண்ணிக் குளிசையோடு பாயை வெந்நீரில் தோய்ப்பதும் சுவர் ஓரங்களைப் பார்ப்பதும் சேர்ந்தால்தான் பலன். காய்ச்சலென்று வீட்டிலிருக்கும் பனடோலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், நாயின் ஈரலையும் இரத்தத்தையும் அது கெடுக்கும்.

சாப்பாடு எளிது: சோறு, அவித்து முள் எடுத்த மீன் அல்லது கோழி, பூசணி, கரட், இடைக்கிடை முட்டை. எது எவ்வளவு என்று வைத்தியரிடம் கேட்டு அளவு பிடித்தோம். வெங்காயமும் உள்ளியும் (பூண்டும்) நாய்க்கு ஆகாது, எனவே எங்கள் சொதியும் கறியும் ஆகாது. அவித்த எலும்பு வேண்டாம். சொக்லட், முந்திரிகை (திராட்சை), முந்திரிகை வற்றல் வேண்டவே வேண்டாம். பசுப்பால் குடித்தால் அவனுக்கு வயிற்றாலை போகும்.

வெடிப் பயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் 31 இரவு, மூன்றும் எங்களுக்கு முன்கூட்டியே தயாராக வேண்டிய நாட்கள். மற்ற மாதங்களில் போனில் வெடிச்சத்தத்தைக் காதுக்கு எட்டும் எட்டாத அளவில் போட்டுச் சாப்பாடு கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறோம், ரயிலுக்குச் செய்தது போல. பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்று சொல்வார்கள், அப்படியில்லை. அவன் கிட்ட வந்தால் அணைத்துக்கொள்ளலாம்.

போன 31ஆம் திகதி வெளிச்சம் இருக்கும்போதே நடை முடித்து, ஜன்னல்களை மூடி, போன் நம்பர் எழுதிய கழுத்துப் பட்டியைப் போட்டு, ஜன்னல் இல்லாத குளியலறையில் அவனுடைய பாயை விரித்தோம். வாசலில் காற்றாடியும் றேடியோவும். பன்னிரண்டு மணிக்குக் கடற்கரைப் பக்கம் வானம் அதிர்ந்தது. எழுபத்தாறு வயது அம்மா குளியலறை நிலத்தில் காலை நீட்டி இருந்தார், அவன் தலை அவருடைய மடியில். "ஒண்டுமில்லையடா ராசா, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே காது மடிப்பைத் தடவினார், தடவியபடியே உண்ணியும் பார்த்தார். ஒரு மணி அளவில் சத்தம் ஓய்ந்தது. கச்சான் எழும்பினான், தலையிலிருந்து வால் நுனி வரை உடம்பை ஒருதரம் உதறினான், பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தேடிப் போனான்.